குபேரனுக்கு எந்த டிகிரி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால், திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் குபேர லிங்கத்துக்குத்தான் கூடுதல் வேலை. "பி.காம் கிடைச்சிடணும் சாமி!" பையன் கையில் அரசு கலைக் கல்லூரி விண்ணப்ப நகல், அதன் மூலையில் அப்பா பூசிய விபூதி. பி.காம் கிடைத்தால் பையன் பேங்க் மேனேஜர். வரலாறு கிடைத்தால், சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பார்கள்.

ஆனால், வங்கி அதிகாரி தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். சி.ஏ. இன்டர்மீடியட்டில் நேரடியாகச் சேர பி.காம்காரருக்கு 55 சதவீதம் வேண்டும். தமிழ் இலக்கியம் படித்தவருக்கு 60. கம்பருக்கும் கணக்குப் பேரேட்டுக்கும் நடுவில் அவ்வளவுதான் தூரம். அப்புறம் தணிக்கைத் தேர்வு பிழிந்தெடுப்பதில் சாதி, மதம், டிகிரி பேதம் கிடையாது!

2018 முதல் 2024 வரை ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்து, நம் ரூபாய் நோட்டில் கையெழுத்துப் போட்ட சக்திகாந்த தாஸ், தமிழ்நாடு கேடர் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கல்லூரியில் அவர் படித்தது வரலாறு.

அப்பாமார்களே, பி.காமுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. வரலாறு கிடைத்தாலும் மறக்காமல் ஃபீஸ் கட்டிவிடுங்கள்.