மேட்டுப்பாத்திக்கு எது மலிவு?

மேட்டுப்பாத்திக்கு வேண்டியது சிறிது உயரத்துக்கு மண்ணைத் தாங்கும் சுவர். நந்திக்கடலோர வற்றாப்பளையில், கார்த்திகை மார்கழி மழைக்குக் கத்தரியும் மிளகாயும் வேரழுகாமல் நிற்க அது உதவும். சீமெந்துக் கல் அடுக்கினால் பேரன் காலத்துக்கும் கிடக்கும். ஆனால் 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயளவில் இருந்த சீமெந்து மூட்டை, அடுத்த ஆண்டு நடுவில் இரு மடங்கையும் தாண்டியது. அந்தச் செலவை ஈடுகட்டும் கத்தரி இனம் இன்னும் வெளிவரவில்லை.

அதே 2022 ஜூனில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. வன்னியில் அது சோளகக் காற்று மண்ணை வறுக்கும் காலம்; காலபோக மழைக்கு இன்னும் மாதங்கள் கிடந்தன. விடுமுறை அறிவிக்குமுன் மழையைக் கலந்தாலோசிக்கும் வழக்கம் கொழும்பில் இல்லை.

சீமெந்துக்கு மாற்றாகப் பனைக்குற்றி மிக நல்லது. முதிர்ந்த மரத்தின் வைரத்தைக் கறையான் எளிதில் தொடாது. நிற்கும் பனையைத் தறிக்க அனுமதி வேண்டும். பனை தானாக விழக் காத்திருப்பது அதைவிட விரைவாக முடியலாம். தென்னங்குற்றியோடு கறையானும் வரும். பழைய டயர் இலவசம், நுளம்பும் இலவசம். உடைந்த அஸ்பெஸ்டஸ் தகட்டின் விலையில் நுரையீரலை யாரும் சேர்ப்பதில்லை. நிவாரணத் தறப்பாள் வெயிலில் நாராகும். உரப்பையில் மண் நிரப்பி அடுக்கலாம். பதுங்குகுழி கண்ட இவ்வூரில் மண்மூட்டை அடுக்க எவருக்கும் பயிற்சிப்பட்டறை தேவையில்லை; ஆனால் உரப்பைக்கும் வெயிலில் அதே கதி.

மிஞ்சுவது பொச்சுமட்டை. நெருக்கமாக நிறுத்திப் பாதியைப் புதைத்தால் மண்ணையும் ஈரத்தையும் பிடிக்கும், உக்கினால் பசளை. பற்றுச்சீட்டு மட்டும் கிடைக்காது.