மதுரையா, சிதம்பரமா?

எங்கள் குடும்பத்தில் மீனாக்ஷி என்னும் நாமதேயத்தை உடைய ஸ்திரீகளின் தொகை பெரிது. ஆயினும் அந்தப் பெயரைச் சொல்லி எவரும் எவரையும் அழைத்ததை நான் என் காதால் கேட்டது மிகவும் அபூர்வம். ஒரு பெயரின் மீது அபிமானம் வைப்பதற்கும் அதை உபயோகிப்பதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை மதுரைச் சீமையில் பிறந்தவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

என் பாட்டியாரின் பெயர் மீனாக்ஷி. பாட்டனார் அவர்களை "இந்தா" என்று அழைப்பார், சற்றே உல்லாசமாக இருக்கும் வேளைகளில் "என்ன, காதில் விழுகிறதா?" என்பார். மாமியாரின் பெயரை வாயால் உச்சரிப்பது மகாபாதகம் என்று நம்பிய மருமக்கள், கோயிலுக்குப் போனால்கூட "அம்மன் சந்நிதி" என்று சொல்லி நாவைக் காத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு அம்மா, பேரப் பிள்ளைகளான எங்களுக்கு ஆச்சி, தெருவாருக்குப் பெரிய வீட்டு அம்மா. ஆகவே அந்தப் பெயரைப் பூரணமாக, வாய் நிறைய, வாசற்படியில் நின்று கூவும் உரிமை படைத்தவர் மணியார்டர் கொண்டுவரும் தபால்காரர் ஒருவரே. அவர் வந்து அழைக்கும்போது பாட்டியாரின் முகத்தில் ஒரு பிரகாசம் தோன்றும்; அது பணத்தைக் கண்டதால் வந்தது என்று பாட்டனார் சொல்லுவார். நான் அவ்வாறு எண்ணவில்லை.

இத்தகைய பாட்டியாருக்கு மகன் வயிற்றுப் பேத்திகள் பிறந்தபோது வீட்டுக்கு ஒரு மீனாக்ஷியாகப் பெயர் வைப்பதைத் தவிர வேறு மார்க்கம் இருக்கவில்லை. பெயரை இட்டாயிற்று, அழைப்பது எப்படி? மாமியாரின் பெயர் குழந்தையின் மேல் ஏறியதும் குழந்தையையும் அழைக்க முடியாமற் போயிற்று. ஆகையால் ஒருத்தி பாப்பா ஆனாள், மற்றொருத்தி குட்டி ஆனாள். அந்தப் பாப்பா பிற்காலத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியையாகி, கண்டிப்புக்குப் பெயர் பெற்று, தலை நரைத்து, பென்ஷன் வாங்கிய பிறகும் பாப்பாவாகவே இருக்கிறாள்.

என் சித்தி மட்டும் வேறு சம்பிரதாயத்தைச் சேர்ந்தவள். பெயரைச் சொல்லக் கூடாது என்பது சாஸ்திரமானால், பெற்ற பெண்ணைக் கண்டிக்க வேண்டும் என்பதும் சாஸ்திரந்தானே என்பது அவள் கட்சி. பாட்டியார் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கும் சமயம் பார்த்து, அடுக்களையிலிருந்து, "அடி மீனாக்ஷி! உனக்கு எத்தனை தரம் சொல்லுவது? வாயை மூடிக்கொண்டு ஒரு மூலையில் இருக்க மாட்டாயா?" என்று ஒரு குரல் எழும்பும். "யாரையடி சொல்லுகிறாய்?" என்று கூடம் கேட்கும். "உங்கள் பேத்தியைத்தான், அத்தை" என்று அடுக்களை மிகுந்த பணிவோடு பதில் சொல்லும். தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்த அந்தக் குழந்தைக்குப் பேச்சே வந்திருக்கவில்லை என்பது இங்கே குறிப்பிடத் தக்கது.

யோசித்துப் பார்த்தால் இந்த வழக்கத்துக்கு அம்பிகையே வழிகாட்டி என்று தோன்றுகிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணப்படி, மலயத்துவச பாண்டியன் புத்திரகாமேஷ்டி செய்து வேள்வித் தீயிலிருந்து பெற்ற பெண்ணுக்கு அசரீரியின் கட்டளையால் இட்ட பெயர் தடாதகை. அசரீரி சொல்லி, அரசன் இட்டு, புலவர் பாடிய அந்தப் பெயரை உலகத்தார் மரியாதையாக ஏட்டில் வைத்துவிட்டு, மீனாக்ஷி என்றே அழைத்துவருகிறார்கள். தன் பெண்ணுக்குத் தடாதகை என்று பெயரிட்ட தைரியசாலி ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

நம்மவர் ஒரு வீட்டின் அரசியலை விசாரிக்கும்போது, "உங்கள் வீடு மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்பதுண்டு. சிதம்பரம் என்றால் புருஷன் அதிகாரம், மதுரை என்றால் மனைவி அதிகாரம். ஆனால் கோயில் மரபைப் பார்த்தால், சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகமாகிச் செங்கோல் பெறும் அம்மை ஆட்சி புரிவது 4 மாதங்களே. ஆவணியில் முடிசூடும் சுந்தரேசுவரருக்கோ 8 மாதங்கள். அப்படியிருந்தும் "மீனாக்ஷி ஆட்சி" என்கிறார்களேயன்றி, "சொக்கர் ஆட்சி" என்று சொல்லக் கேட்டவர் யார்? கணக்கில் மூன்றில் இரண்டு பங்கை வைத்துக்கொண்டும் அதிகாரம் கையில் இல்லாத புருஷர்களுக்கு அந்தச் சந்நிதியில் நின்றால் ஓர் ஆறுதல் உண்டாகிறது.

ஆண்களின் பெயரிலும் இதே ஏற்பாடுதான். மீனாக்ஷிசுந்தரம் என்னும் பெயரில் அம்மை முன்னே நடக்க, சுவாமி பின்னே வருகிறார். உ. வே. சாமிநாதையரின் ஆசிரியரான மகாவித்துவான் (1815–1876), பந்தநல்லூர் நட்டுவனார், மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான தெ. பொ. மீ. ஆகிய மூவரும் மீனாக்ஷிசுந்தரங்களே. தெ. பொ. மீ. என்று சுருக்கியபோது எஞ்சி நின்ற எழுத்து யாருடையது என்பதைக் கவனிக்கவும்.

இவ்வாறு வித்வான்களுக்குப் பெயர் கொடுத்த மீனாக்ஷி, அடுக்களையில் பிரவேசித்த வரலாறும் உண்டு. எஸ். மீனாக்ஷி அம்மாள் 1951-இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' என்னும் நூல், புக்ககம் போகும் பெண்களின் பெட்டியில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இடம்பெற்றது. எங்கள் வீட்டுக்கு வந்த புது மருமகள் ஒருத்தியும் அதைக் கொண்டுவந்திருந்தாள். முதல் நாள் வைத்த வற்றல் குழம்பில் உப்பு மிஞ்சிவிட, காரணம் கேட்டபோது, "மீனாக்ஷி அம்மாள் சொன்ன அளவுதான் போட்டேன்" என்றாள். "நான் எப்பொழுதடி சொன்னேன்?" என்று பாட்டியார் எழுந்து நின்ற காட்சியை வர்ணிக்க எனக்கு ஆற்றல் போதாது. பழி புத்தகத்தின் மேல் விழுந்து, அந்தப் புத்தகம் சில காலம் அரிசிக் குதிருக்குப் பின்னால் அஞ்ஞாதவாசம் செய்தது.

எழுத்து விவகாரம் தனி. மீனாக்ஷி என்பார் சிலர்; மீனாட்சி என்பார் பலர்; கிராமாந்தரங்களில் மீனாச்சி. ஆங்கிலத்தில் கே, எஸ் போடுவது ஒரு கட்சி. டி, சி போடுவது எதிர்க்கட்சி. பள்ளிச் சான்றிதழில் ஒரு கட்சியாகவும் நிலப் பத்திரத்தில் மறு கட்சியாகவும் இருந்த என் தமக்கை, இருவரும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் பிரமாணம் செய்துகொடுக்கும்படி ஓர் அலுவலகத்தில் பணிக்கப்பட்டாள். தான் தானேதான் என்பதற்கு இரண்டு சாட்சிகளும் வேண்டியிருந்தார்கள்.

இப்பொழுது பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. இரண்டு எழுத்துக்கு மிகாமல், ஒன்று அவசியம் "ஷ" வர்க்கமாக, கூட்டுத்தொகை எண் சாஸ்திரத்துக்கு இசைவாக ஒரு பெயரைத் தேடிப்பிடித்துவிடுகிறார்கள். என் பேத்திக்கும் அப்படி ஒன்று அமைந்தது. ஆயினும் பெரியவர்களின் மனத்திருப்திக்காகப் பெயர் சூட்டும் நாளில் அவள் காதில் மூன்று முறை "மீனாக்ஷி" என்று ஓதப்பட்டது. பிறகு அது யாருக்கும் நினைவில்லை.

ஒரு மண்டலம் கழித்துக் குழந்தையை மதுரைக்கு எடுத்துச் சென்றோம். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார் பட்டர். மருமகள் சொன்னாள். மேளச் சத்தத்தில் அவருக்கு விளங்கவில்லை. மறுபடியும் சொன்னாள், அவர் வேறேதோ சொல்லிப் பார்த்தார். பின்னால் கூட்டம் நெருக்கியது. பொறுமை இழந்த என் மனைவி முன்னே வந்து, "மீனாக்ஷி என்றே சொல்லுங்கள்" என்றாள்.

"அது அம்பாள் பெயர் அம்மா, தெரியும். குழந்தை பெயரைச் சொல்லுங்கோ" என்றார் பட்டர்.