வெர்ஷன் சார்

மாமியாரின் போன் ஒரு வெள்ளிக்கிழமை காலை பூரி மாதிரி உப்பிவிட்டது. பேட்டரிதான். பின்பக்க மூடி தானாகப் பிளந்துகொண்டது. பயந்துபோய் அதை ஒரு தட்டில் வைத்து, எவர்சில்வர் டப்பாவால் கவிழ்த்து மூடி, பால்கனி மூலையில் கொண்டுபோய் வைத்தோம். அதுவரைக்கும் சரி. சாயங்காலம் லிஃப்டில் இறங்கும்போது, “அத்தைக்குப் புது போன் ஒண்ணு வாங்கணும்” என்று மனைவியிடம் சற்று உரக்கச் சொல்லிவிட்டேன். லிஃப்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார்.

“ஆண்ட்ராய்டா, ஐஓஎஸ்ஸா?” என்றார் அவர்.

எங்கள் குடியிருப்புக்கு ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன், ஒரு வெர்ஷன் சார். முதல் இரண்டு பேரும் கூப்பிட்டால் வரமாட்டார்கள். மூன்றாமவரைக் கூப்பிடவே வேண்டாம். சொந்தப் பெயர் அவர் வீட்டு வாசலில் பித்தளைப் பலகையில் பளபளக்கிறது, யாரும் படிப்பதில்லை. யார் கையில் போனைக் கண்டாலும் “என்ன வெர்ஷன்?” என்று கேட்பதால் வெர்ஷன் சார். தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவு. வயது ஐம்பதை ஒட்டி.

அவர் போனைப் பரிசோதிக்கும் விதம் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும். டாக்டர் ஊசி போடக் கை நீட்டச் சொன்னால் நாம் நீட்டுவதில்லையா? இங்கே அவர் கையை நீட்டுவார், நாம் போனைக் கொடுத்துவிடுவோம். முதலில் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார், தேங்காய் வாங்குகிறவர் போல. பிறகு செட்டிங்ஸ். ஒரே தள்ளில் அடிவரை போய் ‘அபௌட் போன்’. அதற்குள்ளே எங்கேயோ ‘பில்ட் நம்பர்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அதை ஆள்காட்டி விரலால் ஏழு தடவை தட்டுவார், பிள்ளையார் முன்னால் குட்டிக்கொள்கிற வேகத்தில். ஏழாவது தட்டில், ‘நீங்கள் இப்போது டெவலப்பர்’ என்று ஆண்ட்ராய்டு அறிவிக்கும். மந்திரமெல்லாம் இல்லை, யார் தட்டினாலும் அப்படித்தான். உள்ளே போய் அனிமேஷன் அளவைப் பாதியாக்கிவிட்டு, “இப்ப பாருங்க ஸ்பீடை” என்று திருப்பித் தருவார். போனின் வேகம் ஒரு துளி கூடியிருக்காது. திரை மாறும்போது காட்டுகிற குட்டிக்கரணத்தின் நேரம்தான் குறைந்திருக்கும். ஆனாலும் வாங்கிக்கொள்கிறவர் முகத்தில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்ட தெம்பு தெரியும். இந்த வகையில் எங்கள் வாட்ச்மேன், பால் போடுகிறவர், இஸ்திரிக்காரர், போன வருஷம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த என் மாமியார் எல்லாருமே டெவலப்பர்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மடிக்கணினியோடு வந்துவிட்டார். காபி கொடுத்தோம். அத்தைக்கு எந்த போன் என்கிற விஷயத்துக்கு நேராக வருகிற வழக்கம் அவருக்கு இல்லை. காலட்சேபத்தில் ராமர் பிறப்பதற்கு முன்னால் ரகுவம்சம் முழுக்க வரும் அல்லவா, அப்படி 2003-இல் ஆரம்பித்தார். ஆண்ட்ராய்டை முதலில் யோசித்தது டிஜிட்டல் கேமராவுக்காம், போனுக்கே இல்லையாம். 2005-இல் கூகுள் வாங்கிப் போட்டதாம். 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் ஐபோனைக் காட்ட, அடுத்த வருஷம் முதல் ஆண்ட்ராய்டு போன் கடைக்கு வந்ததாம். எல்லாம் உண்மை, பிறகு சரிபார்த்தேன். வெர்ஷன் சார் தப்பான தகவல் சொல்லவே மாட்டார். தேவையான தகவலும் சொல்லமாட்டார்.

கப்கேக், டோனட், கிட்கேட், ஓரியோ என்று ஆண்ட்ராய்டு வெர்ஷன்களின் பெயர்களை அவர் அடுக்கியபோது மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“ஒன்பது வரைக்கும் ஸ்வீட் பேருதாம்மா வச்சாங்க. 2019-லேர்ந்து வெறும் நம்பர்” என்றார் சார்.

“சர்க்கரை வந்துடுச்சாக்கும்” என்று சொல்லிவிட்டு மாமியார் உள்ளே போனார்.

சாரிடம் ஊர்ப்பற்றும் உண்டு. அதுதான் சிக்கலே. “ஆண்ட்ராய்டு நம்ம ஆளுதுங்க. சுந்தர் பிச்சை மதுரையில பொறந்து சென்னையில வளந்தவரு. 2013-ல ஆண்ட்ராய்டு பொறுப்பே அவர் கைக்கு வந்துச்சு.” அப்படியானால் அதையே வாங்கிவிடலாமே என்றேன். “அதெப்படி? ஐபோனும் நம்மளுதுதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல நம்ம பொண்ணுங்க கையாலதான் அசெம்பிள் ஆகுது. அங்க பழைய நோக்கியா ஃபேக்டரி இருந்துச்சே, அதை வாங்கினதே ஆப்பிளுக்குச் சார்ஜர் செஞ்சு குடுக்கிற கம்பெனிதான். சார்ஜர் கூட நம்ம ஊரு. என்ன, பெட்டியிலதான் வைக்கிறதில்ல.” பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒரே நேரத்தில் சொந்தக்காரனாக இருப்பவன் பந்தியில் படும் அவஸ்தை அவர் முகத்தில் தெரிந்தது.

நோக்கியா என்று சொல்லும்போது மட்டும் குரல் லேசாகக் கம்மும். அதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கை இருக்கிறது. சார் ஆதரித்த ஓஎஸ் எதுவும் இதுவரை டெபாசிட்டைத் திரும்ப வாங்கியதில்லை. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை திறந்தபோது அவர் சிம்பியன் பக்தர். டச் போனெல்லாம் நாலு நாள் கூத்து என்று தெருத்தெருவாகச் சொன்னவர். 2011-இல் நோக்கியாவே சிம்பியனைக் கைகழுவிவிட்டு விண்டோஸ் பக்கம் போனது. சாரும் கட்சி மாறினார். மஞ்சள் நிறத்தில் ஒரு லூமியா வாங்கினார். கட்டம் கட்டமான அதன் முகப்பைப் பற்றி அவர் ஒன்றரை மணி நேரம் பேசக் கேட்டவர்கள் இன்றும் எங்கள் பிளாக்கில் உயிரோடு இருக்கிறார்கள். 2014 நவம்பரில் ஆலை மூடியது. சில வருஷங்களில் விண்டோஸ் போனும் போய்ச் சேர்ந்தது. அடுத்தது பிளாக்பெர்ரி, அதன் சொந்த ஓஎஸ்ஸுக்கான சேவைகள் 2022 ஜனவரி 4-ஆம் தேதி நின்றன. “டெக்னாலஜியில தோக்கல சார், மார்க்கெட்டிங்ல தோத்துட்டாங்க” என்பார், செத்துப்போனவருக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று துக்க வீட்டில் சொல்கிற குரலில். இப்போது எந்தப் பக்கமும் முழுசாகச் சாய்வதில்லை. ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் இன்னும் தழைத்திருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கருத்து.

காபிக்குப் பிறகு எக்செல் ஷீட்டைத் திறந்தார். நெடுக்கில் 11 போன்கள். குறுக்கில் 34 கட்டங்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஹோலி கொண்டாடியிருந்தார். கல்யாணத்துக்கே பத்துப் பொருத்தத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

ஒவ்வொரு கட்டமாக மாமியாரிடம் அபிப்பிராயம் கேட்டார். இதைப் பாராட்ட வேண்டும், எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாவது மாடிப் பையனின் ஐபோனை இதற்காகவே இரவல் வாங்கி வந்திருந்தார். மாமியார் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “பின்னாடி போற பட்டன் எங்க?” என்றார். பட்டன் கிடையாது, ஓரத்திலிருந்து விரலால் தள்ள வேண்டும் என்று சார் செய்து காட்டினார். “ஏன் தம்பி, ஒரு லட்சம் போட்டுக் கட்டின வீட்டுல புழக்கடை வைக்கலியா?” என்றார் மாமியார். சார் 12-ஆவது கட்டத்தில் மஞ்சளைச் சிவப்பாக்கினார்.

அடுத்து கால் ரெக்கார்டிங். இது வெளிநாட்டு விமரிசனங்களில் கடைசியில் வரும். நம் குடும்பங்களில் சொத்துத் தகராறு இருப்பதால் முதலில் வரும். பேச்சைப் பதிவு செய்யும் வெளிச் செயலிகளுக்கு 2022-இல் கூகுள் கதவை அடைத்ததையும், 2024-இல் ஐபோனிலேயே அந்த வசதி வந்துவிட்டதையும் சார் விளக்கினார். ஆனால் பதிவு ஆரம்பிப்பதை இரண்டு பேருக்கும் கேட்கும்படி போனே அறிவித்துவிடும். “சொல்லிட்டு ரெக்கார்டு பண்ணினா எந்த ஓரகத்தி உண்மை பேசுவா?” என்று கேட்டார் மாமியார். சாரிடம் பதில் இல்லை.

“இதைப் பாருங்கம்மா. கூகுள் பிக்ஸல் 8-க்கு, சாம்சங் எஸ்24-க்கு எல்லாம் ஏழு வருஷம் அப்டேட் உண்டு.”

“எனக்கு எழுபத்திரண்டு. அது இருக்கும், நான் இருக்கணுமே. அதுவும் ஏழா? இன்னொரு அரை சேத்தா ஏழரை.”

வீடியோ காலில் வந்த மைத்துனன் சிங்கப்பூரிலிருந்து, “அம்மாவுக்கு ஐபோனே வாங்குங்க மாமா, காசு நான் அனுப்பறேன்” என்றான். அவன் அமெரிக்க நண்பர்கள் மெசேஜ் நீலமா பச்சையா என்று சண்டை போடுகிறவர்கள். இங்கே எல்லாரும் வாட்ஸப்பில் கிடப்பதால் அந்தச் சண்டைக்கு ஆள் கிடையாது. ஆனால் வாட்ஸப்பில்தான் உண்மையான முடிச்சு இருந்தது. ஒன்பது பொருந்தி ரஜ்ஜு தட்டினால் எங்கள் பக்கத்தில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். போனுக்கு ரஜ்ஜு வாட்ஸப். ஆண்ட்ராய்டை விட்டு ஐபோனுக்குப் போனால் பழைய உரையாடல்களைக் கூட்டிக்கொண்டு போக 2022 வரைக்கும் முறையான வழியே கிடையாது. வந்த வழிக்கும் பழைய போன் உயிரோடு பக்கத்தில் இருக்க வேண்டும். எங்கள் பழைய போனோ எவர்சில்வர் டப்பாவுக்கு அடியில். மாமியாரின் பேக்கப் கூகுள் கணக்கில் இருந்தது. அதை இன்னொரு ஆண்ட்ராய்டில்தான் இறக்க முடியும். ஐபோன் அதைத் தொடாது. பேத்தி மழலையில் அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் அதில்தான். ஆக, விஷயம் முடிந்துவிட்டது. இது சாருக்குத் தெரியாமலா? 29-ஆவது கட்டத்தில் அவரே தெளிவாக எழுதி, மஞ்சள் அடித்து வைத்திருந்தார். அடித்துவிட்டு 30-க்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த மனிதரைப் புரிந்தது. வாங்கிவிட்டால் ஒப்பிட முடியாதே! பெண் பார்க்கப் போன வீடுகளிலெல்லாம் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, “கலந்து பேசிச் சொல்றோம்” என்று எழுந்து வருகிற சுகம் அவருக்கு. வாங்குவதற்கு அவர் பஞ்சாங்கத்தில் நல்ல மாதம் கிடையாது. ஆடியில் தள்ளுபடி உண்டு, ஆனால் பழைய மாடலுக்கு. புரட்டாசியில் புது ஐபோன் விற்பனைக்கு வருகிறது, பொறுக்கலாம். ஐப்பசியில் தீபாவளி ஆஃபர், கூட்டம். தை பிறந்தால் சாம்சங்கின் புது எஸ் வரிசை, அதையும் பார்த்துவிடலாம். இடையில் ஒரு ஓஎஸ் புது வெர்ஷன் விட்டால் மொத்த ஷீட்டும் முதலிலிருந்து. அவருடைய சொந்த போன் மூலையில் விரிசல் விட்டு, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும் நிலையில் மூன்று வருஷமாக “அடுத்த மாசம்” காத்திருக்கிறது.

ஆறு வாரம் ஓடியது. அந்த ஆறு வாரமும் என் போன் மாமியாரிடம். காலை ஐந்து மணிக்குச் சுப்ரபாதம், ஐந்தேகாலுக்கு ரோஜாப்பூவோடு காலை வணக்கம் நாற்பது பேருக்கு. அதில் பதினோரு பேர் என் அலுவலகத்துக்காரர்கள். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டதற்கு, “மாப்ள குளிக்கிறாரு. நீங்க சாப்டீங்களா?” என்று விசாரித்திருக்கிறார். மேனேஜர் சாப்பிடவில்லையாம். அவர் வயிற்றுப் புண்ணைப் பற்றி இருவரும் இருபது நிமிஷம் பேசியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவர் எனக்குச் செய்கிற அழைப்புகள் எனக்குத்தானா என்று எனக்கே சந்தேகம்.

ஏழாவது வாரம், வெள்ளிக்கிழமை. மாமியார் கோயிலுக்குப் போனவர், கையில் எவர்சில்வர் டப்பாவோடு போனதை நாங்கள் கவனிக்கவில்லை. பிரசாதத்துக்கு என்று நினைத்துவிட்டோம். திரும்பி வந்தபோது மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு பளபளவென்று ஒரு போனைப் பார்த்தபடியே படியேறினார். தெருமுனை ரீசார்ஜ் கடை. சிம்மைக் கழற்றிப் புதிதில் போட்டு, கூகுள் கணக்கைத் திறந்து, வாட்ஸப்பை இறக்கி, டெம்பர்டு கிளாஸ் ஒட்டி, கவர் மாட்டி, பதின்மூவாயிரத்துச் சொச்சம். பழைய போனை, குப்பையில் போடக் கூடாது என்று சொல்லிக் கடைப் பையனே வாங்கி வைத்துக்கொண்டானாம். டப்பாவை மட்டும் மறக்காமல் கேட்டு வாங்கி வந்துவிட்டார்.

“எப்படித்தான் தேர்ந்தெடுத்தீங்க அத்தை?” என்றேன்.

“தேர்ந்தெடுக்கிறது என்ன. இதே மாதிரி, பச்சை பொம்மை இதே எடத்துல இருக்கிறாப்ல ஒண்ணு குடுன்னேன். ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பையன் கிட்டப் போய் நிப்பேன். நீங்க சொல்றதுக்கு எல்லாம் நான் சிங்கப்பூருக்கா போய் நிக்கிறது?”

34 கட்டத்தில் இந்தக் கட்டம் இல்லை. என்னைக் கேட்டால் இது ஒன்று போதும்.

சேதி சாருக்கு எட்டிவிட்டது. இருட்டுகிற நேரத்தில் வந்தார். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, சோபா ஓரத்தில் உட்கார்ந்து, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு கையை நீட்டினார். மாமியார் கொடுத்தார். எடை பார்த்தார். செட்டிங்ஸ். அடிவரை ஒரே தள்ளு. அடுக்களையில் கூட யாரும் பாத்திரத்தை உருட்டவில்லை, ஏழு தட்டும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. மாமியார் இரண்டாம் தடவையாக டெவலப்பர் ஆனார்.

போன வாரத்திலிருந்து என் போனில் சார்ஜ் நிற்க மாட்டேன் என்கிறது. நான் இப்போது லிஃப்டில் போவதில்லை. நான்கு மாடிதான், படியிலேயே இறங்கிவிடுகிறேன்.