சிம்பொனி கேசட் இருக்கா?

எங்கள் ஊர்ப் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. உளுந்தூர்பேட்டை–சேலம் ரோட்டில் கண்டக்டர் ‘கோட்டை, கோட்டை’ என்று கத்துவதை நம்பி எலவனாசூர்கோட்டையில் இறங்கும் வெளியூர்க்காரர், மதில் எங்கே என்று அண்ணாந்து பார்ப்பார். முதலில் அவர் கண்ணில் படுவது டீக்கடைதான். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்குப் பெயர் முன்னால் வருவதும் சரக்கு அப்புறம் வருவதும் பழக்கம். இளையராஜாவின் சிம்பொனிக்கு 32 வருஷம் காத்துக்கிடக்க எங்களால் முடிந்தது அதனால்தான்.

அவருக்கும் பெயர் ஒரு இடத்தில் நின்றதில்லை. 1943-இல் பண்ணைப்புரத்தில் பிறந்தபோது ஞானதேசிகன். பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது அப்பா ராஜையா ஆக்கினார். ஊர்வாய் அதை ராசய்யா ஆக்கியது. சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் வாலை நறுக்கி ராஜா என்றார். ஏற்கெனவே பாட்டுலகில் ஒரு ஏ.எம். ராஜா இருக்கிறாரே என்று சினிமாக் கதாசிரியர் பஞ்சு அருணாசலம் தலையில் ‘இளைய’வை ஒட்டினார். ரேஷன் கார்டில் ஒரு கொம்பு விட்டுப்போனதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் அலைகிற நமக்கு வயிறு எரியத்தான் செய்யும். பிறந்தநாளையும் விட்டுவைக்கவில்லை. நிஜத் தேதி ஜூன் 3. அது கலைஞரின் பிறந்தநாள். ‘இசைஞானி’ பட்டம் கொடுத்தவரும் கலைஞர். ஆகவே இவர் ஜூன் 2-க்கு நகர்ந்துகொண்டார். பட்டம் வரவு, ஒரு நாள் செலவு.

அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளின் பாட்டுக்காரர். தம்பியும் 14 வயதில் அந்தக் கோஷ்டியில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். கொடி சிவப்பு, துண்டு சிவப்பு. ஆனால் தம்பி போட்ட முதல் மெட்டு, நேரு இறந்ததற்குக் கண்ணதாசன் எழுதிய இரங்கல் கவிதைக்கு! கட்சி இதற்காக விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியதாகத் தகவல் இல்லை.

1968 வாக்கில் சென்னை, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைப்பாடம், கிதார், அப்புறம் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை. பஞ்சு அருணாசலத்திடம் வாய்ப்புக் கேட்டுப் போனபோது கையில் ஆர்மோனியம் இல்லை. மேஜையைத் தட்டியே மெட்டுகளைப் பாடிக் காட்டினார். மேஜை பாஸ் செய்தது. அப்படிக் கிடைத்த முதல் படமான ‘அன்னக்கிளி’யின் முதல் பாட்டு ஒலிப்பதிவில் எல்லாரும் வாத்தியத்தைத் தூக்கியதும் கரண்ட் போனது. 1976-இலும் மின்வாரியம் நல்ல காரியங்களுக்கு முதல் ஆளாக வந்துகொண்டிருந்தது.

அடுத்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, டவுன் பஸ் சொல்லும். நேராக 1993-க்கு வருகிறேன்.

லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ராஜா முழு சிம்பொனியைப் பதிவு செய்துவிட்டார் என்று பேப்பரில் வந்தது. எங்கள் மாமா சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தார்: இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், மழை வந்தால் அதை மூட ஒரு யூரியா சாக்கு. ஆடி மாசம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு ஆர்டர் பிடித்திருந்தார். ஜில்லாவிலேயே முதலில் சிம்பொனி போட்டவன் என்று பேர் வாங்க வேண்டும் என்று உளுந்தூர்பேட்டை கேசட் கடைக்கு என்னையும் சைக்கிளில் உட்காரவைத்துக்கொண்டு போனார்.

“சிம்பொனி கேசட் இருக்கா?”

கடைக்காரர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். “அது வரலண்ணே. வேணும்னா இதைப் போடுங்க, இதுக்கும் இங்கிலீஷ் பேருதான்.”

கொடுத்தது ‘ஹவ் டு நேம் இட்’. 1986-இல் வந்தது; தியாகராஜருக்கும் பாஹுக்கும் ஒரே இலையில் விருந்து போட்ட தொகுப்பு. தலைப்பே ‘இதற்கு என்ன பேர் வைப்பது’ என்கிற மாதிரிக் கேள்வி. அத்தனை பேர் மாற்றிய ஆளுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான்.

விடியற்காலை ஐந்து மணி. புளியமரத்துக் கூம்பில் வயலின்கள் கிளம்பின. கூழ் அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் துடுப்பை நிறுத்தினார்கள். பூசாரி வேப்பிலையோடு வந்தார்.

“பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?”

“இதான் பாட்டு.”

“பாடுறவன் எங்க?”

மாமாவிடம் பதில் இல்லை. பத்தாவது நிமிஷம் பாஹ் இறக்கப்பட்டு எல்.ஆர். ஈஸ்வரி ஏற்றப்பட்டார். அம்மனுக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த 1993 சிம்பொனி கேசட்டாகவே வரவில்லை. பத்திரிகை, பாராட்டு, பெருமை எல்லாம் ஆயிற்று. பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டவர்கள் மாப்பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர்களிடமும் இது உண்டு. ஷூபர்ட் 1822-இல் எழுதிப் பாதியில் விட்ட சிம்பொனி ஒரு நண்பரிடம் முடங்கிக் கிடந்து, 1865-இல்தான் வியன்னாவில் மேடை ஏறியது. ஆனால் அவர் 1828-இலேயே போய்விட்டார். நம்மாள் விடுவாரா? நடுவில் 2005-இல் மாணிக்கவாசகரைப் புடாபெஸ்ட் இசைக்குழுவிடம் கூட்டிக்கொண்டு போய்த் திருவாசகத்தை முடித்தார். ‘இதான் அந்த சிம்பொனியா?’ என்று ஊரில் கேட்டார்கள். இல்லை, இது ஆரட்டோரியோ என்று ஒருவர் விளக்கப்போக, டீ ஆறியதுதான் மிச்சம்.

2025 மார்ச் 8. லண்டன் அப்போலோ அரங்கம். 81 வயதில், புத்தம்புதிய சிம்பொனி. மறுநாள் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். கூம்பு ஸ்பீக்கர் பரணில் இருந்தது, மேலே அதே யூரியா சாக்கு.

“மாமா, சிம்பொனி அரங்கேறிடுச்சு.”

“பேரு வச்சிட்டாரா?”

“வேலியன்ட்.”

காது கொஞ்சம் மந்தம். “வேலியாண்டியா? எந்த ஊரு சாமி மாப்ள அது?” என்றார். நான் விளக்க வாயெடுப்பதற்குள் பரணைப் பார்த்தார்.

“கேசட் வந்துடுச்சான்னு கேளு. ஆடிக்குப் போட்டுரலாம்.”