கொடுகடன் தகவல் பணியகத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

மகாகனம் பொருந்திய ஐயன்மீர்,

1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தினாலே அவதரித்து, எங்களூர் வாயில் ‘கிரிப்’ என்னும் சுருக்கத் திருநாமம் பூண்டு, கடன்பட்டோர் அனைவருடைய பாவ புண்ணியங்களையும் சித்திரகுப்தனார் நாணும்படி எழுதிவைக்கும் தங்கள் சமூகத்துக்கு, சுன்னாகம் சந்தையை நம்பிச் சின்னவெங்காயம் நட்டுச் சீவிக்கும் அடியேன் பணிந்து எழுதிக்கொள்வது.

வலிகாமத்துத் தோட்டக்காரன் ஒருவன் நீர் இறைக்கும் இயந்திரத்துக்குக் கடன் கேட்டு வங்கிப் படியேறினால், காணி உறுதியும், அரசாங்க உத்தியோகத்தர் இருவருடைய பிணைக் கையொப்பமும், யாவற்றுக்கும் மேலாகத் தங்கள் அறிக்கையும் வேண்டுமென்பார்கள். காணி மனைவியின் சீதனமாயின் தேசவழமையின்படி கணவனுடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அந்தக் கணவன் யுத்தத்திலே காணாமற்போனவனாயின், அவள் மாவட்ட நீதிமன்றத்தின் வாசலிலே நின்று அனுமதி பெறவேண்டும். இத்தனையும் கடந்து கடன் பெற்றவன் தவணை தவறினாலோ, அதே 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கடன் பெருந்தொகையாயின், நீதிமன்றத்தை நாடாமலே, வங்கிப் பணிப்பாளர் சபையின் தீர்மானம் ஒன்றினால் ஈட்டுக் காணியை ஏலத்தில் விடலாம். (இவ்வளவு உபத்திரவம் எதற்கென்று தாலிக்கொடியை அடைவு வைத்துவிட்டுப் போகிறவர்களே எங்களிற் பலர்.) வைப்பாளர் பணத்தைக் காக்கும் இந்த விவேகத்தை நான் நிந்திக்கவில்லை.

என் சந்தேகம் வேறொரு கடனாளியைப் பற்றியது. அவர் 2007ஆம் ஆண்டு தொடக்கம் உலகச் சந்தையிலே டொலர் முறிகளை விற்று, ஈடுமின்றிப் பிணையுமின்றிக் கடன்பட்டவர். நம்முடைய வங்கிகள் சிலவும் அம்முறிகளை ஆசையோடு வாங்கி வைத்திருந்தன. 2022 ஏப்ரல் 12ஆந் தேதி, வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதியை இப்போதைக்குத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அவரே பகிரங்கமாய் அறிவித்தார். அப்படியிருந்தும், அவர் ரூபாவில் விற்கும் திறைசேரி முறிகளை வங்கிகள் வாங்கினால், மூலதனக் கணக்கிலே அவற்றின் ஆபத்து நிறை பூச்சியமாம்! வெங்காயத்துக்கு உள்ள ஆபத்து இவருக்கு இல்லை. அதனினும் விசித்திரம், தோட்டக்காரனுக்குப் பிணைநின்ற அந்த உத்தியோகத்தர் இருவருக்கும் மாதந்தோறும் சம்பளம் கொடுக்கும் எசமானரும் இவரே. கடன் இறுக்கமாட்டாதவருடைய சேவகர்கள், கடன் இறுக்கக்கூடியவனுக்குப் பிணையாளிகள்!

இனி, அவ்வங்கிகளின் நிலையைப் பார்ப்போம். 2023 முடிவில் வங்கிக் கடன்களிலே நூற்றுக்கு ஏறக்குறைய 13 பங்கு, தேறுவது அரிதென்னும் மூன்றாம் நிலையில் விழுந்திருந்தது. மெலிந்த வங்கிகளின் மூலதனத்தைப் போஷிக்க 2024 வரவுசெலவுத் திட்டத்தில் 45,000 கோடி ரூபா ஒதுக்கினார்கள். அவ்வாண்டு சனவரியிலேயே பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 18ஆயிற்று. ஆகவே, கடன் கேட்டு மறுக்கப்பட்ட தோட்டக்காரனும், கடையிலே சீமெந்து வாங்கும்போதெல்லாம், தனக்கு மறுத்த வங்கியின் மூலதனத்துக்குத் தன்னாலான கைங்கரியத்தைச் செய்து வருகிறான்.

ஆதலால், மேற்படி கடனாளியின் பெயரில் ஓர் அறிக்கை தயாரித்து, தவணை தவறிய நாட்களைத் தெளிவாகக் குறித்து, அனுப்பிவைக்கும்படி பிரார்த்திக்கிறேன். அவருடைய பெயர் தங்கள் ஏட்டிலே ஏறாத வகுப்பைச் சேர்ந்ததென்பீர்களாயின், அவ்வகுப்பிலே சேர்வதற்குரிய விண்ணப்பப் படிவம் ஒன்றை அடியேனுக்கு அனுப்பினாலும் போதும். வெங்காய நடுகைக்கு முன்னர் வந்து சேர்ந்தால் உபகாரமாயிருக்கும். கட்டணத்தை, பெறுமதி சேர் வரியும் உட்பட, உடனே செலுத்துவேன்.

இங்ஙனம்,
தவணை தவறாத ஒரு தோட்டக்காரன்