ஜிகினாத் தாள் வேண்டாம், அத்தான்

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் எந்தப் பொருளும் நிரந்தரமாகத் தங்குவதில்லை. கிரகப்பிரவேசத்துக்கு வந்த சுவர்க் கடிகாரம் சில மாதம் இளைப்பாறிவிட்டு, யாரோ ஒருவர் பேத்தியின் காதுகுத்துக்குக் கிளம்பிப் போகும். ஹாட் பாக்ஸ், லெமன் செட், பிளாஸ்டிக் பெட்டிக்குள் கண்ணாடி மயில் எல்லாம் இப்படித்தான். பெயர்ச்சீட்டைச் சுரண்டி எடுப்பது மட்டும் என் இலாகா. யார் கொடுத்ததை யாருக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரலாறு முழுவதும் என் மனைவியின் தலைக்குள் இருக்கிறது. வாங்குகிறவருக்கு என்ன வேண்டும் என்ற கேள்வியே எழாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. அவர், “ஐயோ, எதுக்குங்க இதெல்லாம்” என்பார். எதுக்கென்று நமக்கும் தெரியாது.

இந்தச் சுழற்சிக்குள் வராத ஒரே ஆள் என் மைத்துனன். வயது முப்பத்தாறு. பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறான். ஆட்டிசம் உள்ளவன். அவன் சிறுவனாக இருந்தபோது ஊரில் அதற்கு வழங்கிய பெயர் பிடிவாதம். சட்டத்துக்கே அப்போது தெரியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் வரிசைப்படுத்திய 7 வகைகளில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தில்தான் 21 வகைகளில் ஒன்றாக வந்து சேர்ந்தது. அவனுக்கு விஷயம் தெரிந்தது வேலைக்குப் போன பிறகு. டாக்டர் சொன்ன அன்று என் மாமியார் அழுதார். அவன், “இப்பத்தான் டேலி ஆகுது” என்று சொல்லிவிட்டு அலுவலகம் போனான்.

அவனுக்குப் பரிசு கொடுப்பதில் ஒரு சிரமம் உண்டு. அவன் பதில் சொல்லுவான். “நல்லா இருக்கா?” என்று கேட்டால் மற்றவர்கள் நம் முகத்தைப் பார்ப்பார்கள்; அவன் பொருளைப் பார்ப்பான். “எனக்கு உபயோகப்படாது. பில் இருக்கா, அத்தான்?” என்பான். அதில் கோபமோ குத்தலோ கிடையாது. பில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது நமக்கு நன்மை செய்யும் தகவல். அறுபதை நெருங்கும் ஒரு குடும்பத் தலைவனுக்கு இவ்வளவு நன்மையைத் தாங்கும் பழக்கமில்லை.

மற்றபடி அவனுக்குப் பிடித்தது எது என்பதில் ரகசியமே இல்லை. பின்கோடு. அவனோடு பத்து நிமிடம் பேசினால் 1972 ஆகஸ்ட் 15 வந்துவிடும். அன்றுதான் அந்த ஆறு இலக்க ஏற்பாடு தொடங்கியது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர், தகவல் தொடர்பு அமைச்சகத்தில் அதிகாரி, சம்ஸ்கிருதக் கவிஞரும்கூட. முதல் இலக்கம் மண்டலம், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். 9இல் தொடங்கினால் ராணுவம். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது, எண் 609602. மாஹேயும் அதே ஆட்சிதான், ஆனால் அதன் எண் 673310, கேரளத்துக் கணக்கில். ஏனாம் 533464, ஆந்திரக் கணக்கில். ஒரே அரசுக்கு மூன்று திசையில் எண்கள் என்பதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருகிற வெளிச்சத்தை, எங்கள் உறவினர் ஒருவர் லாட்டரிச் சீட்டு விழுந்தபோது பார்த்திருக்கிறேன். அண்டார்க்டிகாவில் நம் பாரதி நிலையத்துக்கு 2024இல் எம்ஹெச்-1718 என்று எண் கொடுத்தார்கள். எழுத்தைக் கலந்துவிட்டார்கள் என்பதில் அவனுக்கு இன்றுவரை வருத்தம். 2025இல் வந்த, எழுத்தும் எண்ணும் கலந்த பத்துக் குறி முகவரிக் குறியீடான டிஜிபின்னைப் பற்றி அவனிடம் பேச்செடுக்க வேண்டாம்.

இவ்வளவு தெளிவாக ஒரு மனிதன் தன் ஆசையை எடுத்து வைத்தால் நான் என்ன செய்வேன்? புத்திசாலித்தனமாக யோசிப்பேன். பின்கோடு என்றால் தபால், தபால் என்றால் தபால்தலை. சென்னை அண்ணாசாலைத் தலைமை அஞ்சலகத்தில் தபால்தலைப் பிரிவு இருக்கிறது. பெரிய ஆல்பம் ஒன்று வாங்கி, ஜிகினாத் தாளில் சுற்றி, மேலே ஜவ்வாது தடவி (அது என் சொந்தக் கைவண்ணம்), அவன் பிறந்தநாளுக்கு முன்னறிவிப்பின்றிப் பாளையங்கோட்டையில் போய் இறங்கினேன். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தான். என் மனைவி தாளைப் பிரித்தாள். நான் பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன்.

“இது தபால்தலை” என்றான்.

“ஆமாம்!” என்றேன், உற்சாகமாக.

“எனக்குப் பின்கோடுதானே?”

கர்நாடக சங்கீத ரசிகரிடம் எவராவது தவிலைக் கொண்டுபோய்க் கொடுத்து, “உங்களுக்குப் பாட்டு பிடிக்குமாமே” என்று சொல்லியிருந்தால், சபை நாகரிகம் கருதி அவர் வாங்கி வைத்திருப்பார். ஆல்பம் பீரோவின் மேல்தட்டுக்கு வந்தது. அங்கிருந்து எந்தப் பையனின் பூணூலுக்குப் போனது என்று மனைவியைத்தான் கேட்க வேண்டும்.

அந்தப் பயணத்தில் நான் கவனிக்காமல் விட்டது தாளும் வாசனையும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, ஒலி, வெளிச்சம், வாசனை, தொடுகை இவை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ தாக்குவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே எழுதி வைத்திருக்கிறது. புதுச்சட்டைக் கழுத்தில் தைத்த சீட்டு எனக்கு ஒரு சீட்டு. அவனுக்கு நாள் முழுக்கப் பிடரியில் யாரோ சுரண்டுவது. ஜிகினா சரசரப்பதும் மின்னுவதும் கையில் ஒட்டுவதும் மூன்று தனித்தனித் தாக்குதல்கள். அவன் உடுத்துவது ஒரே ரகம்: சாம்பல் நிறம், அரைக்கை, வெளுத்து மிருதுவான பருத்தி. அதே சட்டை இன்னும் ஐந்து வாங்கிக் கொடுத்தால் அவனைப் பொறுத்தவரை அது தீபாவளி. எனக்கோ ஒரே சட்டையை ஐந்து எடுத்து பில் போடும்போது கடைக்காரர் ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று கூச்சம். அவர் நினைத்துக்கொண்டது ஒன்றுதான்: “யூனிஃபார்மா சார்? பத்தா எடுத்தா தள்ளுபடி உண்டு.” பத்தாக எடுத்தேன். துவைத்துக் கஞ்சி போடாமல், சீட்டை நூல் நூலாகப் பிரித்துக் கொடுத்தது என் மனைவி.

இணையத்தில் ‘ஆட்டிசப் பரிசுகள்’ என்று தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் குழந்தைகளுக்கானவை. ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வயதாகும் என்ற செய்தி விற்பனையாளர்களுக்கு இன்னும் போய்ச்சேரவில்லை போலிருக்கிறது. அடுத்ததாக வண்ண வண்ணப் புதிர்த்துண்டு அச்சடித்த கோப்பைகள். அந்தச் சின்னம் 1963இல் பிரிட்டனில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் நடத்திய சங்கத்திலிருந்து வந்தது. வளர்ந்துவிட்ட ஆட்டிசக்காரர்கள் பலருக்கு அது பிடிப்பதில்லை. படத்தை அனுப்பி வாங்கவா என்று கேட்டதற்கு என் மைத்துனன் எழுதிய பதில்: “நான் புதிர் இல்லை. கேட்டா சொல்லிடுவேன்.”

பிறகு கனமான போர்வை. உடம்பின் மேல் சீரான அழுத்தம் இருந்தால் பலருக்கு மனம் அமைதியாகிறது. அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின், ஆட்டிசம் உள்ளவர், மாடுகளைத் தடுப்பூசிக்காக நிறுத்திப் பிடிக்கும் கூண்டைப் பார்த்துவிட்டு, இளவயதில் தனக்கென்றே ஓர் அணைப்பு இயந்திரம் செய்துகொண்டார். இதையெல்லாம் மனைவிக்கு விளக்கி, ஏழு கிலோ போர்வையை இணையக் கடை வண்டியில் சேர்த்துவிட்டேன்.

“இது எந்த மாசம்?” என்றாள்.

“சித்திரை.”

“பாளையங்கோட்டையில?”

வண்டியிலிருந்து இறக்கினேன். போதாக்குறைக்கு அவள் சொன்னாள்: தம்பி எட்டு வயதிலிருந்து பாட்டியின் இலவம்பஞ்சு மெத்தையை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான். நான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய் எத்தனையோ முறை பார்த்த காட்சி அது. மெத்தையைப் போட இடமில்லாமல் தடுமாறுகிறான் என்று நினைத்திருந்தேன். மெத்தையைப் பிரித்துப் பஞ்சை அடித்து, புது உறை தைத்துக் கொடுத்தோம். பழைய உறையின் அதே துணியில்.

அவன் எங்கள் வீட்டுக்கு வரும்போது இன்னொரு பிரச்சினை. நான் டிவியை நாற்பத்திரண்டில் வைத்துச் செய்தி கேட்கிற ஆள். அவனுக்குப் பதினாறே அதிகம். எனவே சத்தத்தைத் தணிக்கும் ஹெட்போன் ஒன்று வாங்கித் தருவதென்று முடிவாயிற்று. இம்முறை கேட்டோம். மாடல், நிறம், காதை அழுத்தக் கூடாத அளவு, அது கிடைக்காவிட்டால் அடுத்தது, அதுவும் கிடைக்காவிட்டால் ‘வாங்க வேண்டாம்’ என்று அரைப் பக்கத்தில் எழுதி அனுப்பினான். என் வாழ்நாளில் இவ்வளவு நிம்மதியாக நான் எதையும் வாங்கியதில்லை. ஆனாலும் பணம் கட்டும்போது, இதில் என் பங்கு என்ன என்று ஓர் ஏமாற்றம் வந்தது. ஆச்சரியப்படுத்தாவிட்டால் அது பரிசா? மனைவியிடம் கேட்டேன். அவள் அப்போது ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர்தான், 2012இல் எழுதியதாம்: ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மற்றவர்கள் மனம் புரியவில்லை என்கிறோமே, மற்றவர்களுக்கும் அவர்கள் மனம் புரிவதில்லை, குறை இருபக்கமும் இருக்கிறது என்று. “அதுல இன்னொரு பக்கம்னு சொல்றது உங்களைத்தான்” என்றாள்.

இருந்தாலும் ஒருமுறை நானும் ஜெயித்தேன். சபரிமலை சன்னிதானத்துக்கென்று தனிப் பின்கோடு இருக்கிறது: 689713. கோயில் சீசனில் மட்டும் உயிரோடு இருக்கும் எண். அங்கே அஞ்சலட்டையில் குத்தும் முத்திரையில் பதினெட்டுப் படியும் ஐயப்பனும் இருப்பார்கள். மாலை போட்ட நண்பர் ஒருவரிடம் மைத்துனன் முகவரி எழுதிய அட்டையைக் கொடுத்து அனுப்பினேன். சொல்லாமல் செய்ய வேண்டும் என்று எனக்குக் கை துறுதுறுத்தது. மனைவி முன்கூட்டியே போனில் சொல்லிவிட்டாள்: இந்த வாரத்துக்குள் ஓர் அட்டை வரும், இன்ன எண்ணிலிருந்து. அவன் அந்த வாரம் முழுக்கத் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றானாம். அதாவது சந்தோஷம் ஒரு வாரம் முன்னதாகவே தொடங்கிவிட்டது. நான் திட்டமிட்டபடி நடந்திருந்தால் ஒரு நிமிடம்தான் இருந்திருக்கும், அதையும் நான் பார்த்திருக்க மாட்டேன். பிறகு வாட்ஸப்பில் வந்தது: “முத்திரை தெளிவு. எண் முழுசா விழுந்திருக்கு.” நான் இன்னும் நாலு வார்த்தை எதிர்பார்த்தேன். “அவனுக்கு இதுதான் துள்ளிக் குதிக்கிறது” என்றாள் மனைவி.

எல்லோருக்கும் இது பொருந்தும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எங்கள் குடியிருப்பில் மேல்மாடிப் பெண்ணுக்கும் ஆட்டிசம்தான், இருபத்தைந்து வயது. மிக்ஸி ஓடினால் பக்கத்தில் வந்து நின்று ரசிப்பாள். மல்லிகைப்பூவை முகத்தோடு அழுத்திக்கொள்வாள். வாயால் பேசுவதில்லை, சென்னையிலேயே உருவான ஆவாஸ் செயலியில் படங்களைத் தொட்டால் டேப்லெட் பேசும். அவள் பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று நான் அவள் அம்மாவைக் கேட்டேன். அம்மா யோசித்து முடிப்பதற்குள் டேப்லெட், “ஊஞ்சல்” என்றது. இரண்டாவது முறையும் சொன்னது, இந்த மனிதருக்குக் காது சரியில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

போன ஆவணியில் எங்கள் வீட்டுக் கல்யாணம். மைத்துனனுக்கு நாங்கள் கொடுத்தது கடையில் வாங்கும் பொருளே அல்ல. நாதஸ்வரம் எப்போது, கெட்டிமேளம் எப்போது, ஜெனரேட்டர் எங்கே என்று நேரம் போட்ட ஒரு தாள், பஞ்சுக் காதடைப்பான், மாடியில் ஓர் அறைச் சாவி, மேடைக்கு வந்து போட்டோவுக்கு நிற்க வேண்டாம் என்ற விலக்கு, முதல் பந்திக்கு முன்பே ஓரமாக ஓர் இலை. “ஊர் என்ன சொல்லும்” என்றார் மாமியார். ஊர் சாம்பாரில் உப்பு குறைவு என்றுதான் சொன்னது. அவன் முகூர்த்த நேரத்துக்குச் சரியாக இறங்கி வந்தான், அட்சதை போட்டான், திரும்ப மாடியேறினான். அங்கே கட்டிலில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன். தாலி கட்டி முடிந்திருந்தது. “இது எனக்குக் கொடுத்த பரிசு, அத்தான்” என்று சொல்லி, நேரத் தாளை நீட்டினான். அதில் எனக்கான இடம் ‘பந்தி விசாரிப்பு’ என்று இருந்தது.

இப்போது என் முறை. வரும் தையில் எனக்கு அறுபது, திருக்கடையூரில் மணிவிழா. “609311” என்று அவன் முந்திக்கொண்டான். கூடவே தபாலில் ஒரு படிவம் வந்தது: பொருள், அளவு, நிறம், கடை, விலை உச்சவரம்பு, இதே போல ஏற்கெனவே இருக்கிறதா. நான், “உன் இஷ்டம்” என்று எழுதி அனுப்பினேன். “இது எந்தக் கடையில் கிடைக்கும்?” என்ற குறிப்போடு திரும்பி வந்தது. “அன்போடு எது கொடுத்தாலும்” என்று எழுதினேன். அதுவும் திரும்பியது. பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருடமாகச் சுவர்க் கடிகாரம் வாங்கிப் பழகிய மனிதனை உட்காரவைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் அவன் எங்கே போவான்?

மனைவி பேனாவைப் பிடுங்கினாள். பொருள்: காது மிஷின். எண்ணிக்கை: இரண்டு. ஏற்கெனவே இருக்கிறதா: இல்லை, ஆனால் உடனே தேவை.

மறுநாளே போனில் பதில் வந்தது. அவள் வாசித்தாள்.

“என்னது?” என்றேன்.

டிவியை நிறுத்திவிட்டு உரக்க வாசித்தாள்: “இது தெளிவா இருக்கு, அக்கா. அத்தானை ஆடியோகிராம் எடுத்து அனுப்பச் சொல்லு. ஜிகினாத் தாள் வேணுமான்னும் கேட்டுச் சொல்லு.”

வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஜவ்வாதும்.