காருக்கு 'இன்', ரயிலுக்கு 'ஆன்'

கேள்வி: மலாயில் இடத்தைச் சொல்ல 'டி' ஒன்றே போதும். ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இன், ஆன், அட் என்று மூன்று? எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் மகள் தடுமாறுகிறாள்.
– ஒரு தாய், செரண்டா

பதில்: செரண்டாவில் குடியிருக்க 'இன்'. கொமுட்டர் நிலையத்தில் காத்திருக்க 'அட்'. ரயில் ஏறிவிட்டால் 'ஆன்'. அப்பா காரில் ஏற்றிக்கொண்டால் மறுபடி 'இன்'! எழுந்து நடக்க இடமுள்ள வண்டிக்கு 'ஆன்', குனிந்து நுழையும் வண்டிக்கு 'இன்' என்று பிடித்துக்கொள்ளட்டும். வினைச்சொற்களோடும் இப்படித்தான்: 'டிஸ்கஸ்' என்பதற்குப் பின்னால் 'அபவுட்' வேண்டாம். 'புட் ஆஃப்' என்றால் தள்ளிப்போடுவது, 'புட் அவுட்' என்றால் நெருப்பை அணைப்பது. மலைக்காதீர்கள்! தமிழிலும் விட்டுக்கொடுப்பவர் நல்லவர், காட்டிக்கொடுப்பவர் துரோகி; இரண்டிலும் அதே 'கொடு'தானே? அந்த வேறுபாட்டை மகள் கேட்டுத்தான் பழகினாள். ஆங்கிலத்தையும் முழு வாக்கியமாகவே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.